மூடிய திரை ஏன் நினைவகத்தை விடுவதில்லை?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி ஆபீஸ்களில், வெளிமாநிலம் போன வண்டி எங்கே நிற்கிறது என்பதை இன்று ஜிபிஎஸ் செயலியில் பார்க்கிறார்கள். ஒரு வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் வந்து, அடுத்த வண்டியைத் தொடுவார்கள். இப்படி நாள் முழுக்க திறந்தே கிடக்கும் செயலிகளில்தான் ஒரு பிழை தலைகாட்டும். காலையில் நன்றாக ஓடியது மாலையில் திணறும். ஒரே எச்சரிக்கை இரண்டு மூன்று முறை ஒலிக்கும். கடைசியில் செயலி தானாக மூடிக்கொள்ளும். மெமரி லீக் எனப்படும் இதற்குப் பல நேரம் காரணம், பதிந்துவிட்டு நீக்க மறந்த ஈவென்ட் லிசனர்.

லிசனர் என்பது, "இது நடந்தால் என்னைக் கூப்பிடு" என்று நிரலின் ஒரு பகுதி இன்னொன்றிடம் செய்துகொள்ளும் பதிவு. புக்கிங் ஆபீஸில் டிரைவர் "லோடு வந்தா சொல்லுங்கண்ணா" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. அவர் வண்டியை விற்ற பிறகும், நோட்டில் அந்த நம்பரை அடிக்காதவரை அழைப்பு போய்க்கொண்டே இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, டார்ட் போன்ற மொழிகளில் நினைவகத்தைக் காலிசெய்ய கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கிருந்தும் எட்டமுடியாத பொருளை மட்டுமே அது அகற்றும். ஜிபிஎஸ் சேவையின் பட்டியலில் பதிவு நிற்கும்வரை, மூடிய திரையும் அதன் வரைபடமும் படங்களும் பயன்பாட்டில் இருப்பதாகவே அதற்குத் தெரியும்.

2005 அக்டோபரில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், அந்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா நடத்திய ஓட்டுநரில்லா வண்டிப் பந்தயத்தில் நடந்ததும் இதுதான். சுமார் 212 கிலோமீட்டர் பாதையில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் பிக்கப் வண்டி 15 கிலோமீட்டர் அளவிலேயே முடங்கியது. கடந்துபோன தடைகளை நிரல் பட்டியலிலிருந்து நீக்கியது; ஆனால் அவை ஒரு ஈவென்டில் பதிந்தே இருந்ததால் நினைவகத்தை விட்டுப் போகவில்லை. குவிந்துகொண்டே வந்து கணினியைத் திணறடித்தன. பந்தயம் முடிந்த பிறகுதான் மாணவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

எல்லா லிசனரும் ஆபத்தல்ல. ஒரு பொத்தானில் பதிந்தது, பொத்தானை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அதனுடனேயே போய்விடும். திரையைவிட நீண்ட ஆயுள் உள்ளவற்றில் பதிவதுதான் வில்லங்கம்: விண்டோ, வெப்சாக்கெட், டைமர், இருப்பிடச் சேவை.

பதியும் வரியை எழுதும்போதே நீக்கும் வரியையும் எழுதிவிடுவதுதான் நம்பகமான வழி. ரியாக்டில் யூஸ்எஃபெக்டுக்குள்ளிருந்து திருப்பித்தரும் ஃபங்ஷனிலும், ஃப்ளட்டரில் டிஸ்போஸிலும் அதற்கு இடம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் பலர் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது: பதியும்போது பெயரில்லாத ஒரு ஃபங்ஷனைத் தந்து, நீக்கும்போது அதே வரிகளை மறுபடி எழுதித் தருவார்கள். எழுத்து ஒன்றானாலும் அது வேறு ஃபங்ஷன்; எதுவும் நீங்காது, பிழைச்செய்தியும் வராது. அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலைக் கொடுத்துப் பதிந்தால், ஒரே அபார்ட் அழைப்பில் அத்தனை பதிவும் கழன்றுவிடும். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இங்கே பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். செயலியை ஒப்படைக்கும் முன் ஒரே திரையைப் பலமுறை திறந்து மூடி, குரோமின் ஹீப் ஸ்னாப்ஷாட்டில் 'டிடாச்டு' (பக்கத்திலிருந்து கழன்றும் நினைவகத்தில் நிற்பவை) என்று தேடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் லீக்கைக் கண்டுபிடிக்கும் லீக்கேனரியைச் சேர்த்து ஓட்டுங்கள். விலை குறைந்த போனிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். டிரைவர்கள் பலர் கையில் இருப்பது அதுதான்.