கொலைகாரனைக் கண்டுபிடித்த கிழவி!

அவள் துப்பாக்கி தூக்கவில்லை. மாறுவேடம் போடவில்லை. திருடனைத் துரத்தி ஓடவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்!

போலீஸ் பெரிய அதிகாரிகளுக்கே புரியாத கொலைகளை அந்தக் கிழவி துலக்கினாள். அவள் பெயர் மிஸ் மார்ப்பிள். அவளைப் படைத்தவர், இங்கிலாந்தின் புகழ்பெற்ற பெண் எழுத்தாளர் அகதா கிறிஸ்டி.

துப்பறியும் கதை என்றால் வாலிப வீரன்தான் நம் நினைவுக்கு வருவான். ஆனால் வயோதிகர்களை நாயகர்களாக வைத்து எழுதிய கதைகள் மேல்நாட்டில் உண்டு. அவை வெறும் பொழுதுபோக்குக் கதைகள் அல்ல. படித்து முடித்ததும் நம் வீட்டுத் திண்ணைப் பக்கம் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும் கதைகள்.

எண்ண மறந்தார்கள்

மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக வந்தது ஒரு சிறுகதையில். 1927-ம் ஆண்டு டிசம்பர் மாதம், "ராயல் மாகஸின்" என்ற பத்திரிகையில் அது வெளிவந்தது. கதையின் பெயர், "செவ்வாய்க்கிழமை இரவு சங்கம்".

செயின்ட் மேரி மீட் என்பது ஒரு சிறு கிராமம். அங்கே ஒரு பழைய வீடு. கணப்பு அடுப்பில் தீ எரிகிறது. அதைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருவர் எழுத்தாளர். ஒருத்தி ஓவியக்காரி. ஒருவர் பாதிரியார். ஒருவர் வக்கீல். இன்னொருவர் சர் ஹென்றி கிளித்தரிங். லண்டன் ஸ்காட்லாந்து யார்டு போலீசின் தலைவராக இருந்தவர்.

பேச்சு, துப்புத் துலங்காத குற்றங்களைப் பற்றித் திரும்புகிறது. வாரம் ஒரு நாள் கூடுவது, ஆளுக்கு ஒரு மர்மத்தைச் சொல்வது, மற்றவர்கள் விடை காண்பது என்று ஏற்பாடு செய்கிறார்கள். ஓவியக்காரி தலைகளை எண்ணுகிறாள். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள்.

அப்போது ஒரு குரல் கேட்கிறது. தன்னை எண்ண மறந்துவிட்டார்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறாள் ஒரு கிழவி.

அவள்தான் மிஸ் மார்ப்பிள். அந்த வீடே அவளுடையது! விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தது அவளுடைய நாற்காலிகளில்! அவள் கண்ணெதிரில்தான் இருந்தாள். ஆனாலும் அவளை ஓர் ஆளாக எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

ஐம்பது ஆண்டுகள் உலகத்தை மயக்கிய ஒரு துப்பறியும் பாத்திரம் இப்படித்தான் அறிமுகமாயிற்று.

பலகாரத்தில் பாஷாணம்!

முதல் மர்மத்தைச் சொன்னவர் சர் ஹென்றி.

ஜோன்ஸ் என்று ஒருவர். அவர், அவர் மனைவி, மனைவிக்குத் துணையாக இருந்த ஒரு பெண். மூன்று பேரும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். டின்னில் அடைத்த சிங்கி இறால், ஓர் இனிப்புப் பலகாரம், ரொட்டி, பாலாடைக்கட்டி. இதுதான் சாப்பாடு.

இரவில் மூவருக்கும் உடம்பு கெட்டது. இருவர் பிழைத்தார்கள். மனைவி இறந்துபோனாள். டின் உணவு கெட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டி, அடக்கம் செய்துவிட்டார்கள்.

பிறகு ஒரு செய்தி கிளம்பிற்று. ஜோன்ஸ் தங்கியிருந்த விடுதியில் வேலை செய்யும் பெண், அவர் பயன்படுத்திய மை ஒற்றும் தாளைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்திருந்தாள். மனைவி இறந்த பிறகு என்று ஏதோ எழுதியிருந்தது. "நூறுகளும் ஆயிரங்களும்" என்ற சொற்களும் இருந்தன.

ஊரெல்லாம் பேச்சு. பிரேதத்தைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். உள்ளே ஆர்சனிக் பாஷாணம்! மனைவி இறந்ததால் ஜோன்சுக்குக் கிடைத்த பணம் 8,000 பவுன்.

ஆனால் விஷம் எப்படிப் போயிற்று? மூவரும் ஒரே சாப்பாட்டைத்தானே சாப்பிட்டார்கள்? அன்று இரவு மனைவிக்கென்று ஜோன்ஸ் கேட்டு வாங்கிய மாவுக் கஞ்சியைக்கூட, துணைக்கு இருந்த பெண்தான் குடித்தாள். அவள் சாகவில்லையே?

வக்கீல் ஒன்று சொன்னார். பாதிரியார் ஒன்று சொன்னார். எழுத்தாளர் கற்பனையை ஓடவிட்டார். யாருக்கும் விடை கிடைக்கவில்லை.

கிழவி பின்னலை நிறுத்தினாள். அவளுக்கு ஊரில் பழைய ஆள் ஒருவரின் ஞாபகம் வந்தது. யோக்கியர் என்று பெயர் எடுத்த மனிதர். இறந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் வேலை பார்த்த பெண்ணோடு அவருக்கு ஐந்து குழந்தைகள் என்று!

அதிலிருந்து கிழவி சட்டென்று வழி பிடித்தாள். ஜோன்ஸ் வீட்டிலும் ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாளே?

"நூறுகளும் ஆயிரங்களும்" என்பது பணக் கணக்கு அல்ல. இங்கிலாந்தில் இனிப்பின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளுக்கு அதுதான் பெயர்! சமையலறை தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். போலீஸ் அதிகாரிக்குத் தெரியவில்லை.

பலகாரத்தின் மேல் தூவிய மணிகளில்தான் விஷம். துணைக்கு இருந்த பெண் உடம்பு இளைக்கப் பத்தியம் இருந்தாள், இனிப்பைத் தொடவில்லை. ஜோன்ஸ் தம் பங்கில் இருந்த மணிகளைச் சுரண்டி ஒதுக்கிவிட்டார். மனைவி மட்டும் சாப்பிட்டாள்.

தூவியது வேலைக்காரப் பெண். தூண்டியது ஜோன்ஸ். மனைவி இறந்ததும் அவளைக் கலியாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து, பிறகு வேறொருத்திக்காக அவளைக் கைவிட்டுவிட்டார்.

சர் ஹென்றி திகைத்துப்போனார். அந்தப் பெண் சாகும் தறுவாயில் கொடுத்த வாக்குமூலம் அவருக்குத் தெரியும். கிழவி சொன்னது அத்தனையும் சரி!

பாட்டியின் தோழிகள்

இந்தக் கிழவி அகதா கிறிஸ்டிக்கு எங்கே கிடைத்தாள்?

கிறிஸ்டி 1890-ல் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தார். விஷங்களைப் பற்றிய அறிவு அங்கே கிடைத்தது.

மனிதர்களைப் பற்றிய அறிவு வேறு இடத்தில் கிடைத்தது. லண்டனுக்கு அருகில் ஈலிங் என்ற இடத்தில் அவருடைய பாட்டி முறையானவர் இருந்தார். அவரைப் பார்க்க வரும் வயதான தோழிகளைப் போன்றவள்தான் மிஸ் மார்ப்பிள் என்று கிறிஸ்டி தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி மிகவும் கலகலப்பானவர். ஆனால் யாரிடமும் கெட்டதையே எதிர்பார்ப்பார். பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருக்குமாம்!

இன்னொரு விஷயமும் உண்டு. 1926-ல் வெளிவந்த "ரோஜர் அக்ராய்டு கொலை" நாவலில் ஒரு டாக்டரின் அக்காள் வருகிறாள். கலியாணம் ஆகாதவள். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி முழுவதையும் தெரிந்துகொள்வாள். அந்தப் பாத்திரத்தின் மேல் கிறிஸ்டிக்குத் தனிப் பிரியம்.

1928-ல் அந்த நாவல் நாடகமாயிற்று. நாடகக்காரர்கள் அந்த அக்காளை எடுத்துவிட்டு, அழகான இளம்பெண்ணைப் போட்டார்கள்! கிறிஸ்டிக்கு அது பிடிக்கவே இல்லை. மேடையிலும் வயதானவளுக்கு இடம் இல்லை என்றால் எப்படி?

அவர் மிஸ் மார்ப்பிளை விடவில்லை. 1932-ல் பதின்மூன்று கதைகள் சேர்ந்து "பதின்மூன்று புதிர்கள்" என்ற புத்தகமாக வந்தன. மொத்தத்தில் மிஸ் மார்ப்பிளை வைத்து 12 நாவல்களும் 20 சிறுகதைகளும் எழுதினார்.

தூக்குமேடையும் துண்டுச் சீட்டும்

பதின்மூன்றாவது கதையில் வேடிக்கை இல்லை. கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து விடை காணும் புதிரும் இல்லை.

கிராமத்துப் பெண் ஒருத்தி ஆற்றில் பிணமாகக் கிடக்கிறாள். அவள் கர்ப்பவதி. லண்டனிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் மேல் ஊர் முழுவதும் சந்தேகம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. (1965-ல்தான் அது நிறுத்திவைக்கப்பட்டது.) தவறான ஆள் பிடிபட்டால், பிறகு உண்மை தெரிந்து என்ன பயன்? போன உயிர் வருமா?

மிஸ் மார்ப்பிளுக்குக் கொலையாளி யார் என்று தெரியும். ஆனால் கையில் சாட்சி இல்லை. கிராமத்துக் கிழவி போலீசிடம் போய்ச் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

அவள் சர் ஹென்றியிடம் போகிறாள். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு பெயரை எழுதிக் கொடுக்கிறாள். குற்றமற்றவன் தண்டனை பெறாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறாள். சீட்டைப் பிரித்துப் பார்த்த சர் ஹென்றிக்கு ஒரே ஆச்சரியம்!

அந்தப் பெயர் என்ன? கதையைப் படிக்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறோம்.

பெயர் சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கிழவியின் சொல்லைத் தட்டாமல் கேட்க ஓர் ஆள் இருந்தார். அதனால் ஓர் உயிர் தப்பிற்று. இதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி.

முடிச்சுப் போடும் கிழவர்

மிஸ் மார்ப்பிளுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அவரும் அதே "ராயல் மாகஸின்" பத்திரிகையில்தான் வந்தார். ஆண்டு 1901. எழுதியவர் ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆர்க்சி சீமாட்டி.

லண்டனில் ஒரு தேநீர்க் கடை. மூலையில் ஒரு கிழவர். பெயர் கிடையாது, "மூலையில் இருக்கும் கிழவர்", அவ்வளவுதான். பால் குடிப்பார். கையில் ஒரு கயிற்றுத் துண்டு. முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார். எதிரே இருக்கும் இளம் பெண் நிருபரிடம், போலீஸ் கைவிட்ட வழக்குகளை விடுவித்துக் காட்டுவார்.

ஆனால் மிஸ் மார்ப்பிளுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வேற்றுமை. குற்றவாளி பிடிபட வேண்டும் என்ற கவலை இவருக்கு இல்லை. கெட்டிக்காரக் குற்றவாளியை மெச்சிக்கொள்வார்! 1909-ல் வந்த புத்தகத்தின் கடைசிக் கதையைப் படித்தால், முடிச்சுப் போடும் அந்த விரல்களைப் பற்றியே நமக்குப் பயங்கரமான சந்தேகம் வந்துவிடும்.

நரைத்த தலையெல்லாம் நல்ல தலை என்று இந்த எழுத்தாளர்கள் சொல்லவில்லை. புத்தி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

கிழவர்களின் பாஷை

1941-ல் கிறிஸ்டி எழுதிய ஒரு கதையில் கொலையே இல்லை. கிழவர் ஒருவர் இறந்துபோகிறார். சொத்தை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். வாரிசுகளான இளைஞனும் பெண்ணும் தோட்டத்தையெல்லாம் தோண்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை.

சாகும்போது கிழவர் தம் கண்ணைத் தட்டிக் காட்டிவிட்டுக் கண் சிமிட்டினார். அது ஏன் என்று இளசுகளுக்கு விளங்கவில்லை. மேஜையின் இரகசிய அறையில் சில பழைய காதல் கடிதங்கள் மட்டும் கிடைக்கின்றன.

மிஸ் மார்ப்பிள் சிரிக்கிறாள். கண்ணைத் தட்டுவது, "எல்லாம் புளுகு" என்று பொருள்படும் பழைய காலத்துக் கொச்சை வழக்கு. அப்படியானால் கடிதங்கள் வெறும் வேஷம். விலைமதிப்புள்ளது உறையின் மேல் ஒட்டியிருக்கும் அபூர்வமான தபால் தலை!

கிழவரின் பேச்சைப் புரிந்துகொள்ள இன்னொரு வயதானவள் வரவேண்டியிருந்தது. ஒரு தலைமுறை போய்விட்டால் அதன் பாஷையும் போய்விடுகிறது. கூடவே சொத்தும் போகக்கூடும்!

ஓடத் தேவையில்லை

வயோதிகர்களுக்குச் சிறுகதை பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு.

நாவலில் ஓட வேண்டும், அலைய வேண்டும். சிறுகதையில் உட்கார்ந்தால் போதும். ஒருவர் கதை சொல்வார். ஒருவர் கேட்பார். வயதானவரின் ஆயுதம், அறுபது எழுபது ஆண்டுகளாக மனிதர்களைப் பார்த்த அனுபவம். அது மூளையில் இருக்கிறது, காலில் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கிழவி முன்னால் யாரும் ஜாக்கிரதையாகப் பேசுவதில்லை. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்து உளறுகிறார்கள். கொலைகாரனும் உளறுகிறான். உலகத்தின் அலட்சியமே கிழவிக்குக் கிடைத்த பெரிய வசதி!

இதே வழியைப் பிறரும் பின்பற்றினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் யாஃபி 1952 முதல் எழுதிய கதைகளில், போலீஸ் துப்பறிவாளனான மகன் வெள்ளிக்கிழமை இரவு அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவான். விதவைத் தாய் சோறு போட்டுக்கொண்டே வழக்கை முடித்துவைப்பாள். 1972 முதல் ஐசக் அசிமோவ் எழுதிய கதைகளில், விருந்துண்ணும் மேதாவிகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தட்டு எடுக்கும் அறுபது வயது ஹென்றிதான் விடை சொல்வான்!

மறையாத கிழவி

மிஸ் மார்ப்பிளை எடுத்த எடுப்பிலேயே கிழவியாகப் படைத்ததற்காகக் கிறிஸ்டி பிற்பாடு வருந்தியது உண்டு. பிறக்கும்போதே அவளுக்கு 65 வயதுக்கு மேல். அவளை வைத்து நெடுங்காலம் எழுத வேண்டிவரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது!

கிறிஸ்டி 1976-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி காலமானார். கிழவி சாகவில்லை. 1984 முதல் 1992 வரை பி.பி.சி. டெலிவிஷனில் ஜோன் ஹிக்சன் என்ற நடிகை அவளாக நடித்தார். நடிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 78! 2022-ல் பன்னிரண்டு பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து மிஸ் மார்ப்பிளுக்குப் புதிய கதைகள் எழுதினார்கள்.

வீட்டில் ஏதோ ஒரு பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் கூடிப் பேசுகிறது. எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். மூலையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை தலைகளை எண்ணும்போது, ஒன்று கூட்டி எண்ணுங்கள். விடை அங்கேதான் இருக்கக்கூடும்.