முட்டி வலி, இடுப்பு வலி: கத்திக்கு முன்னே பல படிகள்

“டாக்டரிடம் போனால் முட்டியை அறுக்கச் சொல்வார்கள்.” தோட்ட லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். இந்தப் பயத்தினாலேயே நம்மவர்களில் பலர் கிளினிக் பக்கம் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை, சந்தையில் வாங்கிய எண்ணெய், யாரோ சொன்ன லேகியம் என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

உண்மை நிலை வேறு. மூட்டு வலி, முதுகு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. அது கடைசிப் படி. அதற்கு முன்னே உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, முறையான மருந்து, ஊசி என்று பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைத் தொடாமலே காலம் கடத்துவதால்தான் வேலையும் போகிறது. சிலருக்குச் சிறுநீரகமும் கெடுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

முழங்காலில் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி, குடும்ப வழி, வேலை ஆகியவற்றால் அது மெலியும்போது மூட்டுத் தேய்மானம் உண்டாகிறது. நாள் முழுதும் குந்தி உட்காருவதும், முட்டி போடுவதும், பாரம் தூக்குவதும் இதைக் கூட்டும். செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் போடுபவர், குனிந்து உதிரிப் பழம் பொறுக்குபவர், உர மூட்டை சுமப்பவர் ஆகியோருக்கு இந்த வலி புதிதல்ல. பட்டணத்தில் லோரி ஓட்டுபவருக்கும், தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும், நாற்காலியை விட்டு எழாத அலுவலக ஊழியருக்கும் அதே கதைதான்.

மூட்டு வலி எல்லாமே தேய்மானம் அல்ல. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், இரண்டு கைகளிலும் வீக்கம் இருந்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணலாவதைத் தடுக்க முடியும். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து, போர்வை பட்டாலும் வலித்தால், யூரிக் அமிலம் கூடியதால் வரும் கௌட் நோயைச் சந்தேகிப்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால்தான் ஒருவருக்குக் கேட்ட மாத்திரை இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

இடுப்பு வலியில் பெரும்பகுதி தசை, தசைநார் சம்பந்தப்பட்டது. பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் அது நன்றாகக் குறைந்துவிடும். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும். இதற்கும்கூடப் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் கத்தியின்றித் தேறுகிறார்கள்.

படத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

“ஸ்கேனில் டிஸ்க் விலகியிருக்கிறது” என்று கேட்டதுமே பலர் கதிகலங்கிப் போகிறார்கள். வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். நரை விழுவதுபோல அதுவும் வயதோடு வருவது. ஆகவே டாக்டர்கள் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எங்கே வலிக்கிறது, கால் மரத்துப் போகிறதா, பலம் குறைகிறதா என்று சோதித்த பிறகே படம் தேவையா என்று சொல்வார்கள். முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுக்காத டாக்டர் அக்கறையில்லாதவர் என்று எண்ண வேண்டியதில்லை.

முதல் மருந்து அசைவு

முட்டி வலிக்கிறது என்று நடையை நிறுத்துவதும், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வாரக்கணக்கில் படுப்பதும் நிலைமையைக் கெடுக்கும். படுக்கப் படுக்கத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் மேல் விழும் சுமை கூடும். வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் ஓய்வெடுக்கலாம். பிறகு முடிந்த அளவு நடமாட வேண்டும்.

முட்டிக்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை செய்யலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது இன்னொரு பயிற்சி. இடுப்புக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெதுவாக மேலே தூக்கி இறக்கலாம். பயிற்சியில் லேசான வலி வருவது இயல்பு. மறுநாளும் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஒரு வாரம் செய்துவிட்டு “கேட்கவில்லை” என்று விடுபவர்களே அதிகம்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடித்து நடக்கிறார்கள். பத்துமலையின் 272 படிகளை ஏற நேர்த்தி உள்ளவர்கள், தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடைப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் கூடுதல் என்பதால் கைப்பிடியைப் பற்றி நிதானமாக இறங்க வேண்டும்.

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்தவரின் முட்டிக்கு ஒவ்வோர் அடியிலும் 20 கிலோ மிச்சம். தே தாரேக்கும் வெண்ணெய் ரொட்டிச் சானாயும் வாரத்தில் எத்தனை நாள் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மாத்திரையில் மறைந்திருக்கும் ஆபத்து

டிக்லோஃபெனாக், நப்ரோக்ஸென், பொன்ஸ்தான் என்ற பெயரில் பலர் அறிந்த மெஃபெனமிக் அமிலம் ஆகியவை ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். சில நாளுக்கு, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் பலருக்கு நல்ல பலன் தரும். மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், இரத்தக் கசிவு வரும், இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் பாதிக்கும்.

இது நம் சமூகத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது ஆக அதிகம். நீரிழிவு ஏற்கெனவே சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும் உடம்பில் வலி மாத்திரையும் சேர்ந்தால் பாதிப்பு வேகமாகும். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள், டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் இந்த வகை வலி மாத்திரையைத் தொடவே கூடாது.

பாரசிட்டமால் இவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனாலும் பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். முட்டி வலிக்கு மேலே தடவும் வலி நிவாரண ஜெல் நல்ல தேர்வு. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே அது இரத்தத்தில் கலக்கிறது.

‘இரண்டே நாளில் குணம்’ தரும் பொட்டலங்கள்

இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் சில ஜாமு, மாஜூன், மூலிகை மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இரகசியமாகக் கலக்கப்படுவதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலி பறந்துபோவதற்குக் காரணம் மூலிகை அல்ல, அந்த ஸ்டீராய்டுதான். நாள்பட்டால் முகம் வீங்கி வட்டமாகும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நிறுத்தும் முன் அந்தப் பொட்டலத்தோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற பொருளில் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இரண்டும் இல்லாததை வாங்கக் கூடாது.

எண்ணெய் தேய்த்து உருவி விடுவது தசை இறுக்கத்தைத் தளர்த்தி ஆறுதல் தரும். அதில் தவறில்லை. ஆனால் விழுந்து அடிபட்டு வீங்கிய இடத்தையும், சூடாகச் சிவந்த மூட்டையும், கால் மரத்துப்போனவரின் முதுகையும் அழுத்தி உருவக் கூடாது. சில அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவே இருக்கிறது; அக்குபஞ்சரும் உருவு சிகிச்சையும் அங்கு முறைப்படி கிடைக்கின்றன.

ஊசி எதற்கு, அறுவை எப்போது?

பயிற்சியும் மருந்தும் போதாதபோது மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வலி சில வாரங்களுக்கு அடங்கும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடர்வதே இதன் நோக்கம். அடிக்கடி போட்டால் குருத்தெலும்புக்குக் கேடு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனியார் கிளினிக்குகள் விளம்பரப்படுத்தும் ‘ஜெல்’ ஊசி, சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி ஆகியவற்றுக்குச் செலவு அதிகம். ஆய்வு முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை. குளுக்கோசமைன் மாத்திரையும் அப்படித்தான். மெலிந்த குருத்தெலும்பைப் புதிதாக வளர்க்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் பணத்தை எடுக்கும் முன் இன்னொரு டாக்டரைக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இரவில் தூக்கமில்லை, கடைக்குக்கூட நடக்க முடியவில்லை என்ற நிலையில் மூட்டு மாற்று அறுவை பேசப்படும். அதுவும் பயப்பட வேண்டியதல்ல. செய்துகொண்ட பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. எல்லாப் படிகளையும் கடந்து அங்கே வந்தவர், தசை பலத்தோடும் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடும் வந்தால் தேறுவதும் எளிது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவை இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்:

• முதுகு வலியோடு சிறுநீர் வராமல் போவது, மலம் தன்னை அறியாமல் கழிவது, தொடை இடுக்கில் உணர்ச்சியற்றுப் போவது.

• கால் பலம் வேகமாகக் குறைவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது.

• காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாகி வீங்குவது.

• விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது.

காய்ச்சலோடு முதுகு வலி, காரணமின்றி எடை குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவதும் உண்டு.

எங்கே போவது? செலவு என்ன?

முதலில் போக வேண்டியது அரசு சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்தே பிசியோதெரபிக்கும், அரசு மருத்துவமனையின் எலும்பியல் நிபுணருக்கும் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் ஐந்து வெள்ளி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில், அரசு மருத்துவமனை பரிந்துரைக்கும் மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

வேலையிடத்தில் பாரம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டாலோ, வழுக்கி விழுந்தாலோ, அன்றே கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். கிளினிக்கிலும் “வேலையில் நடந்தது” என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொக்சோ ஏற்றுக்கொண்ட விபத்துக்கு சிகிச்சைச் செலவும், எம்.சி. நான்கு நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடும் கிடைக்கும். 2007ஆம் ஆண்டு தொடங்கிய ‘வேலைக்குத் திரும்புதல்’ திட்டத்தின்கீழ் பிசியோதெரபியும் மறுவாழ்வுப் பயிற்சியும் ஏற்பாடு செய்கிறார்கள். “வீட்டில் வலித்தது” என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதால் இந்த உரிமையை இழந்துவிடக் கூடாது.

கிளினிக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மூலிகைப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வலி எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, சிறுநீரகச் சோதனை கடைசியாக எப்போது செய்தது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் டாக்டருக்கும் வேலை எளிது. வீட்டில் முட்டியைப் பிடித்தபடி எழுந்து நடக்கும் அம்மாவோ அப்பாவோ இருந்தால், பிள்ளைகள் இந்த வாரமே ஒரு நாள் உடன் போய் வரலாம்.