மருந்துச் சீட்டில் எழுத முடியாத சில நூல்கள்

பார்வையோ கேட்கும் திறனோ இனி முழுமையாகத் திரும்பாது என்று மருத்துவர் சொல்ல நேரும் நாள், எந்தக் குடும்பத்துக்கும் கடினமான நாள். அன்று எழும் முதல் கேள்வி, "வேறு மருத்துவம் இல்லையா?" என்பது. அதற்கு மருத்துவ அறிவியல் விடை சொல்லும். இரண்டாம் கேள்வி சற்றுத் தாமதமாக, தயக்கத்தோடு வருகிறது: "இனி எப்படி வாழ்வது?" இதற்கான விடையை மருந்துச் சீட்டில் எழுதித் தர இயலாது. ஆனால் பார்வையின்றியும் செவித்திறனின்றியும் வாழ்ந்தவர்களைப் பற்றிய நூல்களில் அவ்விடையின் பெரும்பகுதியைக் காணலாம்.

எல்லோரும் சைகையில் பேசிய தீவு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையை அடுத்துள்ளது மார்த்தாஸ் வினியார்ட் தீவு. அங்கே பரம்பரைக் காரணத்தால் காது கேளாதோர் மிகுதியாக இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் காது கேளாதவர் என்றால், அத்தீவில் 155 பேருக்கு ஒருவர். மானிடவியலாளர் நோரா எல்லன் குரோஸ் 1985இல் இத்தீவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'இங்கே எல்லோரும் சைகை மொழி பேசினார்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். காது நன்கு கேட்பவர்களும் அங்கே சிறுவயதிலேயே சைகை மொழியைக் கற்றுக்கொண்டனர். தீவின் முதியவர்களிடம் குரோஸ் விசாரித்தபோது, மறைந்த அண்டை வீட்டாரை அவர்கள் மீனவர் என்றும் உழவர் என்றுமே நினைவுகூர்ந்தனர். காது கேளாதவர் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தது.

மருத்துவ நோக்கில் அத்தீவினரின் செவிக்குறைவு மற்ற ஊர்களில் காணப்படுவதைவிடச் சிறியதன்று. அக்குறை வாழ்க்கையை எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதைச் சுற்றியிருந்தவர்கள்தாம் தீர்மானித்தார்கள்.

இளங்குழந்தைகளின் பெற்றோருக்கு இதில் உடனடியான பாடம் ஒன்று உண்டு. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குதல் என்பது மருத்துவ நெறி. செவிக் கருவியோ காக்ளியர் உள்வைப்போ தேவையெனில் காலந்தாழ்த்தாமல் செய்ய வேண்டும். அதேவேளை, கருவி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று குழந்தையின் மொழியைத் தள்ளிப்போடுதல் கூடாது. முகபாவம், கை அசைவு, படம், சைகை என எவ்வழியிலேனும் குழந்தையோடு நாள்தோறும் உரையாடுங்கள். மொழி வேரூன்றும் முதல் சில ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

பிறர் எடுத்த முடிவுகள்

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி, வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்டது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் அமர்வுதான் அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். இவ்வரலாற்றின் முற்பகுதியை ஹார்லன் லேன் 1984இல் எழுதிய நூல் விரிவாகச் சொல்கிறது.

லூயி பிரெயிலின் வரலாறும் இதைப் போன்றதே. பிரான்சில் 1809இல் சேணத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் ஊசிக் கருவியால் ஒரு கண்ணில் காயமுற்றார். பாதிப்பு மறு கண்ணுக்கும் பரவியது. பாரிஸ் பள்ளியில் அவர் படித்தபோது, பார்வையுள்ளோரின் எழுத்துகளையே மேடாக அச்சிட்ட கனத்த நூல்கள்தாம் இருந்தன. அவற்றைப் பார்வையுள்ள ஆசிரியர் கண்ணால் படிப்பது எளிது. மாணவரின் விரலுக்கோ அது கடினம். 15ஆம் வயதில் பிரெயில் ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். 1829இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் அவர் 1852இல் மறைந்து ஈராண்டுகள் கழித்தே அப்பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது. தமிழும் இன்று அந்த ஆறு புள்ளிகளிலேயே எழுதப்படுகிறது.

நோயாளிக்கு எது தேவை என்பதை நோயாளியிடமே கேட்க வேண்டும் என்பதற்கு இவ்விரு வரலாறுகளைவிட வலுவான சான்று தேவையில்லை. வீட்டிலும் மருத்துவரின் அறையிலும் அவர் சார்பில் பிறரே விடை சொல்லிவிடுவது இன்றும் வழக்கமாக இருக்கிறது.

துயரத்தை மறைக்காத நூல்

வளர்ந்தபின் பார்வையிழந்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது ஜான் ஹல் எழுதிய 'டச்சிங் த ராக்' என்னும் நூலை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் நடுவயதில் பார்வையை இழந்தார். தம் அனுபவங்களை ஒலிநாடாவில் பதிவுசெய்து, 1990இல் நூலாக்கினார். அன்புக்குரியவர்களின் முகங்கள் நினைவிலிருந்து மங்குவதையும், அதனால் எழும் அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. மழை பெய்யும்போது கூரை, செடி, நடைபாதை ஆகிய ஒவ்வொன்றின் மீதும் விழும் துளிகளின் ஓசையால் தோட்டம் முழுவதும் தமக்குப் புலனாவதையும் சொல்கிறார். இழப்பும் புதிய அறிதலும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்கக்கூடும் என்பதை அந்நூல் காட்டுகிறது.

ஹெலன் கெல்லரின் தன்வரலாறு 1903இல் வெளிவந்தது. அதைப் பரிசளிக்கும் முன் சற்றே சிந்தியுங்கள். "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்ற தொனியில் தரப்படும் நூல் சுமையாகிவிடும். அக்கதையில் ஆசிரியை ஆன் சல்லிவனையும் கவனித்துப் படியுங்கள். கண்நோயால் தாமும் பார்வைக் குறைவுற்றிருந்த அவர், 1887 முதல் பல்லாண்டுகள் உடனிருந்தார். பராமரிப்பவர் அந்நூலில் தம்மையே காணக்கூடும்.

படிக்கும் முறை

இந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் நாளுக்கு இரண்டு பக்கம் படித்துத் தமிழில் சொன்னால் போதும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி இன்று கைப்பேசியிலேயே உண்டு. அதை இயக்கக் கற்றுக்கொண்டால் அவர் தாமாகவே படிப்பார். எந்த நூலை, எப்போது தொடங்குவது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் ஒரு விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.