டிஜே வராத இரவு

இரவு மணி 7.40. ஈப்போவில் ஒரு திருமண விருந்து. நாற்பது மேசைகளும் நிறைந்துவிட்டன. மணமக்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். மேடையோரத்தில் ஒலிபெருக்கி, விளக்கு, மிக்சர் எல்லாம் தயார். டிஜே மட்டும் வரவில்லை.

அவரை அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கியது நான்.

பதினொரு முறை அழைத்தேன். கைப்பேசி அடைத்து வைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். அவர் என் அம்மாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர். "என்ன பாப்பா, எட்டு மணிக்குப் பிள்ளைங்க உள்ள வரணும். ஆள் வந்துருவாரா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

என்னோடு வந்திருந்த தோழி தன் மடிக்கணினியை மிக்சரில் இணைத்து, இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியைத் திறந்தாள். அது கட்டணம் செலுத்தாத இலவசக் கணக்கு. மணமக்கள் பாதி தூரம் நடந்து வந்திருப்பார்கள். பாட்டு முடிந்து, பொரித்த கோழி விளம்பரம் ஒன்று மண்டபம் முழுக்க முழங்கியது. நாற்பது மேசையும் சிரித்தது. மணப்பெண் சிரிக்கவில்லை.

அன்றிரவே முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த சில வாரங்களுக்கு அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கோழியைப் பற்றி விசாரித்தார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து, நிகழ்ச்சிகளுக்கு டிஜேக்களை அனுப்பும் சிறு ஏஜென்சி ஒன்றை நடத்துகிறோம். எங்கள் மூவருக்குமே டிஜே செய்யத் தெரியாது. "அப்புறம் எதுக்கு நீங்க?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கான சரியான பதிலை அந்த இரவுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்துகொண்டு ஏதாவது தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கு அது பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தாத்தாவின் மைக்செட்

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. தாத்தா காலையில் பால் வெட்டுவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் மாலையில் மைக்செட் கட்டுவார். மரத்தில் கூம்பு ஒலிபெருக்கி ஏறினால் அடுத்த டிவிஷனுக்கும் சேதி போய்விடும் என்பார்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கொண்டாட்டத்துக்கு வெளியாட்கள் அதிகம் தேவைப்படவில்லை. நாதஸ்வரமோ உறுமி மேளமோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும். நாடகம் என்றால் நடிப்பவர்களும் லயத்துப் பிள்ளைகள்தான். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். கல்யாணம் மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் இடம் மாறியது. முன்பு ஊரே சேர்ந்து செய்த ஒலியை இப்போது ஒருவரை நம்பி ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொழில் பிறந்தது இந்த மாற்றத்தில்தான்.

இது பேராவில் மட்டும் நடந்த கதை அல்ல. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் என்ற விவசாய வட்டாரத்தில் ரான் டிகின்ஸ் என்ற வானொலிப் பழுதுபார்ப்பவர் 1949-இல் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள் பொருத்திய பெட்டி ஒன்றைத் தாமே செய்தார். அதற்கு 'டிகோலா' என்று பெயர் வைத்து, ஊர் ஊராக எடுத்துச் சென்று விருந்துகளில் பாட்டுப் போட்டார். ஊர் ஊராகப் போகும் டிஜேக்களின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். என் தாத்தாவுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு என் தாத்தாவைத் தெரியாது. இருவரும் செய்தது ஒரே வேலை.

அதை ஒரு நிறுவனமாக வளர்த்துக் காட்டியது லண்டனில் 1960-களில் தொடங்கிய 'ஜூலியானாஸ்'. ஆலிவர் வாகன், டாம் வாகன் என்ற சகோதரர்கள் முதலில் தனியார் விருந்துகளுக்கு டிஜேயையும் கருவிகளையும் சேர்த்து அனுப்பினார்கள். பிறகு பல நாடுகளின் ஓட்டல்களுக்கு ஆள் அனுப்பினார்கள். ஜப்பானில் 1991 முதல் 1994 வரை நடந்த புகழ்பெற்ற 'ஜூலியானா தோக்கியோ' நடனக்கூடம் அந்தப் பெயரைத் தாங்கியதுதான். இன்று வருபவர் யார், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் யார், கருவி பழுதானால் யாரைக் கேட்பது என்ற கவலைகள் ஓட்டல் முதலாளிக்கு இருக்கக் கூடாது. அவர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

மூன்று பேர், ஐம்பது வெள்ளி

டிஜேயின் கலை எளிதானது அல்ல. நிமிடத்துக்கு 100 துடிப்புள்ள பாட்டிலிருந்து 128 துடிப்புள்ள பாட்டுக்கு, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல் போக வேண்டும். நம் விருந்துகளில் முதலில் பக்திப் பாட்டு, பிறகு மணமக்கள் வருகை, சாப்பாட்டு நேரத்துக்கு மெல்லிசை, கேக் வெட்டியதும் குத்துப்பாட்டு. பாட்டியும் பேத்தியும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். உறுமி மேளக் குழுவும் வந்தால், அவர்கள் எப்போது நிறுத்துகிறார்கள், இவர் எப்போது தொடங்குகிறார் என்பதை முன்கூட்டியே பேச வேண்டும்.

அந்தக் கலையைச் சுற்றியுள்ள மற்ற வேலைகளெல்லாம் ஏஜென்சிக்கு. வாடிக்கையாளரிடம் பாட்டுப் பட்டியல் வாங்குவது, மண்டபத்தை முன்பே போய்ப் பார்ப்பது, மின்சாரத்தைக் கணக்கிடுவது ஆகியவை எங்கள் பொறுப்பு. சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். சமையல்காரர் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தையும் அதே இணைப்பில் செருகினால், மணமகன் பேசும் நேரத்தில் ஒலி அணைந்துவிடும். ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்தை நான் மறுபடி புரட்டியது இதற்காகத்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு 1,200 வெள்ளி வாங்குகிறோம் என்று வையுங்கள். டிஜேக்கு 800. பயணத்துக்கு 100. தயார் நிலையில் காத்திருக்கும் மாற்று டிஜேக்கு 100. கம்பி, பழுது முதலியவற்றுக்கு 50. மிச்சம் 150. மூன்று பேருக்குத் தலா 50 வெள்ளி. "இதுக்கா ராத்திரி ஒரு மணி வரைக்கும் நிக்கிறே?" என்று அம்மா கேட்பது நியாயமான கேள்விதான்.

தொடக்கத்தில் இந்தக் கணக்கில் மாற்று டிஜே என்ற வரி இல்லை. அந்த 100 வெள்ளியை மிச்சப்படுத்தியதற்காகத்தான் ஒரு திருமணத்தில் கோழி விளம்பரம் ஒலித்தது.

காகிதம் முக்கியம்

நண்பர்களுக்குள் தொடங்கும் தொழில்களில் பலரும் தள்ளிப்போடுவது பதிவை. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. முழுநேர உயர்கல்வி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு தரும் திட்டமும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேளுங்கள். இப்படிப் பதியும் சிறு தொழிலில் கடன் வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ஒப்பந்தம். எங்களுடையது ஒரே பக்கம். தேதி, நேரம், இடம், கட்டணம், முன்பணம், யார் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், டிஜே வராவிட்டால் நாங்கள் என்ன செய்வோம், அவ்வளவுதான். நாம் வாக்குத் தவறினால் வாடிக்கையாளர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்தப் பெண்ணின் அப்பா போகவில்லை. போயிருந்தால் எங்களிடம் சொல்லப் பதில் இருந்திருக்காது.

மூன்றாவது, பாட்டின் உரிமை. ஒரு பாட்டில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஓர் உரிமை. ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு வேறோர் உரிமை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் காக்கிறது. பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சி என்றால் எம்.ஏ.சி.பி., பி.பி.எம். போன்ற உரிமை அமைப்புகளின் அனுமதியை மண்டபமோ ஏற்பாட்டாளரோ வாங்கியிருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்கிறோம். அன்று தோழி திறந்த செயலி தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. அதை மண்டபத்தில் போட்டது விளம்பரம் வராமல் இருந்திருந்தாலும் தவறுதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மதுக்கூடங்களுக்கு ஆள் அனுப்புவதில்லை. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. எனக்கே வயது 20. எங்கள் டிஜேக்களில் சிலர் இன்னும் படிக்கிறார்கள். குடும்ப விருந்து, கல்லூரி இரவு, காப்பிக்கடை நிகழ்ச்சி என்று ஈப்போவிலும் பத்து காஜாவிலும் கோலகங்சாரிலும் கிடைக்கும் வேலையே எங்களுக்குப் போதும்.

வராதவரின் பக்கம்

இதுவரை படித்தவர்கள் அந்த டிஜேயைத் திட்டியிருப்பீர்கள். நானும் ஒரு வாரம் திட்டினேன். பிறகு அவரை நேரில் பார்க்கப் போனேன்.

அவர் புந்தோங்கில் இருக்கிறார். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு இரவுகளில் டிஜே. நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கும் முன்னே அவர் கேட்டார்: "நீங்க எனக்கு ரெண்டு நிகழ்ச்சி காசு பாக்கி வச்சிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வாடிக்கையாளர்கள் எங்களுக்குத் தாமதமாகக் கட்டினார்கள். நாங்கள் அவருக்குத் தாமதம் செய்தோம். "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம் அண்ணா" என்று நான் மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை வேறொருவர் ரொக்கமாகக் கையில் கொடுத்து அழைத்தார். அவர் போய்விட்டார். எங்களிடம் சொல்லாமல் போனது அவர் தவறு. போக வேண்டிய நிலைக்குத் தள்ளியது எங்கள் தவறு.

பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலத்தில் பாட்டு நின்றுபோனால் என்ன செய்வார் என்று கேட்டேன். "பாட்டு நின்னா ஜனங்க பொறுத்துக்குவாங்க. ஆள் வரலன்னா பொறுக்க மாட்டாங்க. அதான் நான் மத்தியானமே போயிருவேன். என்கூட ஒயர் இழுக்க வந்த பையனுக்குத் திருவிழா முடிஞ்ச ராத்திரியே காசு குடுத்துருவேன். இல்லன்னா அடுத்த தடவ அவன் எதுக்கு வரணும்?" என்றார்.

நான் வகுப்பில் பணப்புழக்கம் என்ற தலைப்பில் பதினான்கு வாரம் படித்திருக்கிறேன். தாத்தா சொன்ன கடைசி வாக்கியம் அந்தப் பாடத்தில் இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

இப்போது எங்கள் விதிகள் நான்கு. வாடிக்கையாளரிடமிருந்து முழுக் கட்டணமும் நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே வர வேண்டும். டிஜேயின் பணம் நிகழ்ச்சி முடிந்த இரவே அவர் கணக்கில் ஏற வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாற்று ஆள் ஒருவர் ஈப்போ வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும். மாலை 4 மணிக்கு இருவரும் கைப்பேசியில் பதில் சொல்ல வேண்டும். இவர்களைப் போன்ற சுயதொழில் செய்வோருக்குச் சொக்சோவில் பாதுகாப்புத் திட்டம் உண்டு. 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடப்பது. இரவு இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிற எங்கள் டிஜேக்கள் ஒவ்வொருவரிடமும் அதில் சேரச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, டிஜே ஏஜென்சிதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. புகைப்படக்காரர்களை அனுப்பலாம், மண்டப அலங்காரம் செய்பவர்களை அனுப்பலாம், டியூஷன் ஆசிரியர்களை அனுப்பலாம். அடுத்தவரின் திறமையை வைத்துத் தொழில் செய்வதாக இருந்தால், பெயர்ப்பலகைக்கும் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் முன்னால் அவருக்கு எப்போது காசு கொடுப்பீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நாங்கள் அதைக் கடைசியாக முடிவு செய்தோம். அதற்கான விலையை ஒரு மணப்பெண் கட்டினாள்.

அந்தக் குடும்பம் எங்களை மறுபடி அழைக்கவில்லை. அழைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புந்தோங் அண்ணன் மட்டும் திரும்பி வந்துவிட்டார். வரும் சனிக்கிழமை பத்து காஜாவில் ஒரு பிறந்தநாள் விருந்து. அவர்தான் போகிறார். மாலை 4 மணிக்கு அழைப்பேன்.