குதிரையேறிப் போக வழியில்லாதவன்

குதிரையும் துப்பாக்கியுமாக வரும் அமெரிக்கப் படங்கள் என்றால் நம்மவர்க்குத் தனி மோகம். 1972-இல் ஜெய்சங்கரையே 'கங்கா'வாக்கிக் குதிரைமேல் ஏற்றி மகிழ்ந்தவர்களாயிற்றே நாம்!

அந்தப் படங்களின் நாயகன் யார்? தனியன். குறை நிறைந்தவன். 1956-இல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் ஜான் வெய்ன் செவ்விந்தியர்மீது தீராப் பகை கொண்டவன். பறிபோன சகோதரன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடி மீட்டு வருகிறான். ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் தனியே திரும்பி நடக்கிறான். 1952-இல் வந்த 'ஹை நூன்' கதை வேறு. கொலைகாரக் கும்பலை எதிர்க்க ஆள் கேட்டு அலைகிறான் காவல் அதிகாரி கேரி கூப்பர். மாதா கோயிலிலும் கேட்கிறான், ஊர் கைவிரிக்கிறது. அதை எழுதிய கார்ல் ஃபோர்மனை 1951-இல் 'நீ கம்யூனிஸ்டா?' என்று விசாரணைக் குழு குடைந்தது. பிறகு ஹாலிவுட் அவருக்குக் கதவடைத்தது. ஊரின் கோழைத்தனத்தை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை! முடிவில் கூப்பர் பதவிச் சின்னத்தை மண்ணில் வீசிவிட்டு, மனைவியோடு வண்டியேறுகிறான்.

வண்டியேறிப் போக அவனுக்கு இடமிருக்கிறது. நம் வடசென்னையானுக்கு?

2021-இல் பா. ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை'யின் கபிலனைப் பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். குத்துச்சண்டையில் உயர்ந்து, சிறை கண்டு, சாராயத்தில் வீழ்ந்து, உடல் ஊதி, மனைவி மாரியம்மாளை நோகடிப்பவன். 1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டதும் ரங்கன் வாத்தியார் கைதாவதை அந்தப் படம் மறைக்கவில்லை, பாராட்டுகிறோம். கபிலன் எங்கே ஓடுவான்? கிழக்கே கடல், மேற்கே தண்டவாளம், நடுவே அவனைப் பெயர் சொல்லித் திட்டும் தெரு. அவனை எழுப்பி நிறுத்தியவர்கள் தாயும் மனைவியும் கடலோரத்துக் கிழவர் பீடி ராயப்பனும்தான். குறையுள்ளவனை ஊரே தூக்கி நிறுத்துகிறது. கூப்பருக்குக் கிடைக்காத பேறு இது!

ஆயினும் நமக்கொரு மனத்தாங்கல். கடைசியில் எல்லாம் ஒரு கைமுட்டியில்தானே முடிகிறது? மேடையைக் காட்டிய அளவுக்கு மூட்டை தூக்குவோரின் சங்கத்தைக் காமிரா காட்டவில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட பூமி இது. அங்கு எவனும் தனியாகத் துப்பாக்கி தூக்கி நிற்கவில்லை.

பழங்கதை என்பார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். எந்தக் குதிரைவீரன் வந்தான்? விடிந்ததும் அவர்களேதான், பெண்களும் மீனவர்களுமாக, ஆலையைத் திறக்காதே என்று நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்திருந்த அந்த மக்களை நாயகராக்கிப் படமெடுக்க எந்தப் படமுதலாளி பணம் போடுவார் என்று கேட்கிறோம்.