ஏசுநாதர் சரித்திர புருஷரா?

ஏசுநாதர் உண்மையில் வாழ்ந்தவர்தானா? அல்லது பக்தர்களின் கற்பனையில் பிறந்தவரா? ஐரோப்பியப் பண்டிதர்களை இரு கட்சிகளாகப் பிரித்த கேள்வி இது.

ஜெர்மனியில் புரூனோ பாவர் என்ற ஆசிரியர், சுவிசேஷங்கள் சரித்திரம் ஆகமாட்டா என்று எழுதினார். அதன் பலன், 1842-ல் பான் பல்கலைக் கழகத்தில் போதிக்கும் உரிமையே பறிபோயிற்று. பிற்காலத்தில் அவர், ஏசு என்ற ஒருவர் இருந்ததே இல்லை என்றும் வாதிட்டார். 1909-ல் ஆர்தர் டிரூஸ் என்பவரும் அதே கருத்தை ஒரு நூலில் வலியுறுத்தினார். மறு ஆண்டே பெர்லினில் இதுபற்றிப் பகிரங்க விவாதம் நடந்தது.

"சுவிசேஷங்களை எழுதியவர்கள் பக்தர்கள். வெளியார் சாட்சி எங்கே?" என்பதே இவர்கள் கட்சியின் வாதம்.

வெளியார் சாட்சி

சாட்சி இருக்கிறது. ஜோசிபஸ் என்ற யூத சரித்திர ஆசிரியர், கி.பி. 93-ஐ ஒட்டி எழுதிய நூலில் இரண்டு இடங்களில் ஏசுவைக் குறிப்பிடுகிறார். ஓரிடத்தில் ஒரே புகழ்மாலை! கிறிஸ்தவராக மாறாத யூதர் இப்படி எழுதியிருப்பாரா? பின்னால் வந்தவர்கள் அதில் கை வைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் அபிப்பிராயம்.

மற்றொன்று ஒரு சிறு குறிப்பு. கி.பி. 62-ல் கல்லெறிந்து கொல்லப்பட்ட யாக்கோபு என்பவர் யாரென்று அடையாளம் காட்ட, கிறிஸ்து எனப்படும் ஏசுவின் சகோதரர் என்கிறார் ஜோசிபஸ். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம்! அந்த யாக்கோபை எருசலேமில் நேரில் கண்டதாகப் பவுலும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கூறுகிறார். சகோதரர் என்பது சபையில் வழங்கிய பட்டமே என்பது மறுப்பாளர் பதில். ஆனால் சபையைச் சேராத ஜோசிபஸ் அப்படி எழுதுவானேன்?

ரோமாபுரி ஆசிரியர் டாசிடஸ், கி.பி. 116-ஐ ஒட்டி, பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து மரண தண்டனை பெற்றதைக் குறிக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் அகப்பட்டது.

அமெரிக்கப் பேராசிரியர் பார்ட் எர்மன் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட்டவர். அவரே 2012-ல், ஏசு வாழ்ந்தது உண்மை என்று தனி நூல் எழுதினார். யோவானிடம் ஞானஸ்நானம் பெற்று, சிலுவையில் உயிர் நீத்த ஒருவர் இருந்தார் என்பதே இன்று மிகப் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

அற்புதங்கள்? உயிர்த்தெழுதல்? அவற்றை நிறுக்கும் தராசு சரித்திரத்திடம் இல்லை. அவை நம்பிக்கையின் எல்லைக்குள் உள்ளவை.