மஞ்சள் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கும் ஓர் ஆலையைச் சுற்றி, மழை பெய்தால் தண்ணீர் மஞ்சளாக வடியும். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் இருந்த இடம் அது. 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் நின்றுபோன அந்த ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை அங்கேயே குவித்துவிட்டுப் போனது.

குரோமைட் தாதுவைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து சூளையில் வறுப்பார்கள். அதில் தண்ணீர் விட்டால் மஞ்சள் கரைசல் இறங்கும். சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிடும் குரோமியம் சல்பேட்டும் அதிலிருந்துதான் வருகின்றன. எத்தனை முறை அலசினாலும் சக்கையில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கொஞ்சம் தங்கிவிடும். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான பொருள் இது. மழைநீரில் கரைந்து நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமியம் போட்டால் ஓரிரு நாளில் பதமாகி, நீலம் பாரித்து டிரம்மிலிருந்து வெளியே வருகிறது. அந்த வேகம்தான் ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளம் அதில் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பாழானதை யாரும் அந்த வரவு செலவில் சேர்க்கவில்லை. 2015 ஜனவரியில் இதே சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் அழுத்தமாகச் சொன்னது இந்த வட்டாரத்துத் தோல் ஆலைகள் மீதான வழக்கில்தான். 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஓடும் டேனரியிடம் வசூலிக்கலாம். மூடிய குரோமியம் ஆலையின் குவியலை அரசுதான் அள்ள வேண்டும். அதற்கு வருஷங்கள் பிடிக்கும். அதுவரை, சுற்றுப்பட்டுக் கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எதில் எவ்வளவு குரோமியம் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடலாமே. அதற்கு எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை.